சபையில் சொல்லாமல் விட்ட நிபந்தனை

அத்தர் போத்தலில் சாய்த்து வைத்த போனைச் சுற்றித்தான் அன்று எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோரும் குந்தியிருந்தோம். கல்யாணப் பெண்ணான என் ராத்தா, எனக்கு மூத்தவள், நகைப் பாரத்தில் கழுத்தைத் திருப்ப முடியாமல் கதிரையில் இருந்தாள். பள்ளிவாசல் எங்கள் ஜன்னலுக்கு நேரே தெரியும். ஆனாலும் அங்கே நடக்கும் தன்னுடைய நிக்காஹை அவள் போனில்தான் பார்க்க வேண்டும். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் பெண்கள் நிக்காஹ் சபைக்குப் போவதில்லை, அதுதான் வழக்கம். அவளுக்காக வாப்பா பேசுவார், கையெழுத்தும் வாப்பாதான் வைப்பார்.

குத்பா ஓதி முடித்த மௌலவி, பெண்ணுக்கு இஸ்லாம் கொடுத்த உரிமைகளைப் பற்றி உருக்கமாகப் பயான் பண்ணினார். அவளுடைய சம்மதம் இல்லாமல் கட்டிக்கொடுக்கக் கூடாதாம். அவள் நிபந்தனை போடலாமாம், மாப்பிள்ளை அதற்குக் கட்டுப்பட வேண்டுமாம். சபை முழுக்க ஆண்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். உரிமைக்காரியை வீட்டில் உட்கார வைத்துவிட்டு அவளுடைய உரிமையைத் தங்களுக்குள் மெச்சிக்கொள்ள எங்கள் ஆண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ராத்தாவுக்கு இருந்தது ஒரே நிபந்தனை. அப்போது பேராதனையில் பல் வைத்தியம் படித்துக்கொண்டிருந்தாள். படிப்பை முடிக்க விட வேண்டும், அதைச் சபையில் சொல்லித்தான் நிக்காஹ் நடக்க வேண்டும் என்று வாப்பாவிடம் கேட்டிருந்தாள். "அதெல்லாம் நான் பாத்துக்கொள்றன் மகள்" என்றிருந்தார் அவர்.

போனில் வாப்பா மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மஹரைச் சொல்லி, மகளைக் கட்டித் தந்தேன் என்றார். ஏற்றுக்கொண்டேன் என்றார் மாப்பிள்ளை. உடனே துஆ தொடங்கிவிட்டது.

"உம்மா, வாப்பா அதச் சொல்லல்லையே" என்றாள் ராத்தா.

உம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கையேந்தினார். மாமிதான் பதில் சொன்னார். "சும்மா இரி புள்ள. கல்யாணப் பொண்ணு வாயத் தொறந்தா பரக்கத் போயிரும்." எல்லோரும் சிரித்தார்கள். ராத்தா மறுபடி ஏதோ சொல்ல வாய் திறந்தபோது, யாரோ அதற்குள் ஒரு துண்டு மஸ்கட் அல்வாவைத் திணித்தார்கள்.

ராத்தாவைக் கட்டிய மச்சானுக்குக் கண்டி டவுனில் துணிக்கடை. "நம்மட வீட்ல யாருக்குப் பல்லு வலிக்கிது?" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார், அதோடு ராத்தா கெம்பஸ் போவது நின்றது. ராத்தா அழுதுகொண்டு வாப்பாவிடம் வந்தாள். சபையில் பேசாத ஒன்றை இப்போது எப்படிப் போய்க் கேட்பது என்றார் அவர், பேசாமல் விட்டது யாரோ போல. மௌலவியிடம் போனதற்கு, ஸப்ர் செய்யச் சொன்னார். மார்க்கம் அவளுக்குத் தந்ததைத் தாங்கள் வைத்துக்கொண்டு, அவளுக்குப் பொறுமையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இவர்கள் மார்க்கம் பேசும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வயதுக்காக மரியாதை கொடு என்கிறார்கள். என்னிடம் இல்லை.

போன மாதம் என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். நான் சட்டம் படிக்கிறேன். ஹோலுக்குப் போய் மாப்பிள்ளையின் வாப்பாவிடம் நேரே சொன்னேன்: படிப்பை விடமாட்டேன், நிக்காஹ் சபையில் நானும் இருப்பேன், இதை அங்கே என் வாயால் சொல்வேன். வாப்பாவின் முகம் கறுத்துவிட்டது.

"உள்ள போங்க மகள். ஒங்களுக்காக நான் பேசுறன்."

பிள்ளையை இடுப்பில் வைத்தபடி ராத்தா கதவடியில் வந்து நின்றாள்.

"அவ பேசட்டும் வாப்பா" என்றாள். "எனக்காக நீங்க பேசினது போதும்."