அப்பளம் நமத்துப்போகாத வண்டி

சக்கரவர்த்தி முப்பத்தொரு வருடம் அரசுப் பேருந்து ஓட்டினார். திருவண்ணாமலையிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து திருவண்ணாமலை. அந்தத் தூரத்தையெல்லாம் கூட்டினால் பூமியைப் பல சுற்று வந்திருப்பார் என்று பணி நிறைவு விழாவில் ஒருவர் பேசினார். கணக்கு சரியாகவே இருக்கலாம். ஆனால் அவர் போன இடமெல்லாம் ஒரே இடம். தூரம் போனவர் என்று அவரைச் சொல்லலாம், ஊர் பார்த்தவர் என்று சொல்ல முடியாது.

ஓய்வு பெற்ற மறுநாள் காலையில்தான் அவருக்கே இது உறைத்தது. மூன்று மாதத்துக்குள் ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கினார். இருக்கைகளைக் கழற்றிவிட்டுக் கட்டில் போட்டார். அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, பின்பக்கச் சுவரில் வீட்டு ஜன்னலில் மாட்டுகிற ஏசி. முன்கண்ணாடிக்கு மேல் சிவப்பு எழுத்தில் ‘கேரவன்’ என்று எழுதினார். நம் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குப் படப்பிடிப்பில் நடிகர்கள் இளைப்பாறும் வண்டி என்றுதான் பொருள். அவர் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது. மலை சுற்றுகிறவர்கள் உள்ளே எந்த நடிகர் என்று எட்டிப் பார்ப்பார்கள். உள்ளே சக்கரவர்த்தி பனியனோடு திருகாணி முடுக்கிக்கொண்டிருப்பார்.

திட்டம் எளிமையானது. அவரும் மனைவி தனமும் அந்த வண்டியிலேயே தங்கி, சமைத்து, தூங்கி, காசி வரை போவது. அதில் ஒரே ஒரு தடை இருந்தது. தனம் ஒப்புக்கொள்ளவில்லை.

தனம் ஊரில் மகளிர் குழு சேர்த்துப் பதினான்கு வருடமாக அப்பளம் போடுகிறவர். ஐம்பது வயதுக்குப் பிறகு அவருக்கு வெயில் ஆகாமல் போயிற்று. சமையலறைக்கும் முற்றத்துக்கும் நடந்தாலே புடவை நனைந்துவிடும். பெங்களூரில் இருக்கும் மகள் கீர்த்தனா, இங்கேயே வந்து இரு, மே மாதத்திலும் போர்வை கேட்கும் என்று அழைத்துக்கொண்டே இருந்தாள். வண்டி என்றால் தனத்துக்குத் தெரிந்தது கணவர் ஓட்டிய பேருந்து ஒன்றுதான். அதில் எப்போதாவது ஏறினால், மரியாதைக்காக இன்ஜினை ஒட்டிய இருக்கையில் உட்காரவைப்பார். சென்னை போய்ச் சேருவதற்குள் முழங்கால் வரை வெந்துவிடும்.

ஆகவே தனம் ஒரு நிபந்தனை போட்டார்.

“மத்தியானம் ஒரு மணிக்கு உள்ள ஒக்காருவேன். எதிர்ல ஒரு பொரிச்ச அப்பளம். ரெண்டு மணிக்கு அது மொறுமொறுன்னு இருந்தா நானும் காசிக்கு வரேன். நமத்துப் போச்சுன்னா நீங்க காசிக்குப் போங்க, நான் கீர்த்தனா வூட்டுக்குப் போறேன். அப்புறம் இங்க வர மாட்டேன்.”

சூட்டை அளக்க மெஷின் இருக்கிறதே, அப்பளம் எதற்கு என்று சக்கரவர்த்தி கேட்டார்.

“மெஷினு சூட்டத்தான் சொல்லும். புழுக்கத்த அப்பளந்தான் சொல்லும்.”

இந்த வாதத்தில் குறை கண்டுபிடிக்க முடியாது. உடம்பை வதைப்பது வெயில் மட்டுமல்ல, காற்றில் நிற்கிற ஈரமும்தான். அந்த வருடம் சித்திரையில் இரண்டு நாளுக்கு ஒரு முறை மழை தூறி, மறுநாள் வெயில் அடித்து, ஊரே இட்லிப் பானைக்குள் இருப்பதுபோல இருந்தது.

சக்கரவர்த்தி வேலையில் இறங்கினார். வண்டியின் பக்கக் கண்ணாடிகளுக்கும் கூரைக்கும் வெள்ளி நிறத் தாள் ஒட்டினார். ஜன்னல் பக்கம் மேற்கு வெயில் படாதபடி வண்டியைத் திருப்பி நிறுத்தினார். மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போட்டார். அடுப்பை வெளியே எடுத்துவைத்தார். பிறகு ஓர் அப்பளத்தைப் பொரித்து உள்ளே வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தார். பதினான்கு நிமிடத்தில் நமத்துவிட்டது.

வெட்டிவேர்த் தட்டி வாங்கி ஜன்னல்களில் கட்டி, தண்ணீர் தெளித்தார். வாசனை அருமையாக இருந்தது. அப்பளம் ஒன்பது நிமிடம் தாங்கியது.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம் அவர் கோயிலுக்குப் போனார். அந்த நாட்களில் சிவன் கோயில்களில் லிங்கத்துக்கு மேலே தாரா பாத்திரம் கட்டுவது வழக்கம். அடியில் துளையிட்ட பாத்திரம். அதிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக நாளெல்லாம் விழுந்து சாமியின் சூட்டைத் தணிக்கும். நெருப்பாகவே நிற்கிற அண்ணாமலையாருக்குப் போதுமானது ஒரு பள்ளிக்கூட வேனுக்குப் போதாதா என்று வரிசையில் நின்றபடியே அவர் முடிவுக்கு வந்தார். வீட்டுக்கு வந்து, தனத்தின் சீர்வரிசைச் செப்புக் குடத்தில் துளை போட்டு, பந்தலிலிருந்து வண்டிக் கூரைக்கு நேராகத் தொங்கவிட்டார். கூரையில் காற்றுக்காக ஒரு திறப்பு வைத்திருந்தார். அதை மூட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அப்பளம் ஐந்து நிமிடத்தில் துணியாகிவிட்டது.

தனம் குடத்தைப் பற்றிப் பேசியதை இங்கே எழுத வேண்டாம். அப்பளத்தைப் பற்றிச் சொன்னது இது:

“அடை மழையில கூட பத்து நிமிஷம் நிக்குங்க. நீங்க வண்டி செய்யல, குளம் வெட்டி இருக்கீங்க.”

இதற்கிடையில் வெளியே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. கிரிவலப் பாதை ஓரத்தில், பந்தலுக்குக் கீழே, வெள்ளிக் கவசம் போர்த்திய ஒன்று நிற்கிறது. அதன் மேல் செப்புக் குடத்திலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. மூன்றாம் நாள் காலை பம்பர் மேல் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. நான்காம் நாள் செம்பருத்தி. ஐந்தாம் நாள் முகப்பு விளக்குகளுக்கு எதிரே யாரோ கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். இது வண்டிங்க, நாங்க காசிக்குப் போறதுக்கு வெச்சிருக்கோம் என்று சக்கரவர்த்தி விளக்கினார். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார்கள். தெரியாத ஒன்றைக் கும்பிடாமல் போவதைவிடக் கும்பிட்டுப் போவது பாதுகாப்பு என்பது இந்த ஊரில் நடந்தே பழகியவர்களின் எண்ணம். குடத்தை அவர் இறக்கப் போனபோது, அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் தாரையை நிறுத்தினால் ஊருக்கு ஆகாது என்று தடுத்துவிட்டார்கள். குடம் தொங்கியது.

கடைசியில் வேங்கிக்காலிலிருந்து அறிவுமதி என்ற ஏசி மெக்கானிக் வந்தான். வண்டிக்குள் ஏறி, சுவரைத் தொட்டு, விரலை மோந்து பார்த்து, ஐந்து நிமிடத்தில் இறங்கினான்.

“அண்ணே, சூடு வேற, ஈரம் வேற. தண்ணி மேல ஊத்துங்க, எவ்ளோ வேணா ஊத்துங்க. உள்ள ஒரு சொட்டு காத்து வரக்கூடாது. நீங்க சாமிய குளிப்பாட்டிட்டு தல தொவட்டாம உட்ருக்கீங்க.”

கூரைத் திறப்பை அவன் அடைத்தான். கதவு விளிம்பு முழுக்க ரப்பர் ஒட்டினான். ஏசியின் வடிகட்டியை வெளியே எடுத்தபோது அது தூசியும் கற்பூரக் கரியும் சேர்ந்து கம்பளியாகியிருந்தது. அதைக் கழுவினான். ஏசி உறிஞ்சும் ஈரம் உள்ளே வழியாமல் வெளியே சொட்டும்படி பெட்டியைக் கொஞ்சம் பின்பக்கம் சாய்த்தான். சூடு ஏறின பிறகு போடாமல், காலை ஏழு மணிக்கே போட்டுவிட வேண்டும் என்று சொல்லிப் போனான். மறுநாள் அப்பளம் நாற்பது நிமிடம் நின்றது. அதற்கு மறுநாள் ஐம்பத்திரண்டு. அறிவுமதி கெட்டிக்காரன் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. இந்தக் கதையில் அப்படிச் சொல்லத் தகுந்தவன் அவன் ஒருவன்தான்.

பரிசோதனைக்குத் தனம் குறித்த நாள் சித்ரா பௌர்ணமிக்கு முந்தின ஞாயிறு. மறுநாள் பாதையில் வண்டி எதையும் விட மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை கீர்த்தனா காரோடு வருவதாக ஏற்பாடு. ஆகவே அப்பளம் தேறினால் அன்று மாலைக்குள் கிளம்பியாக வேண்டும். தேறாவிட்டால் முப்பத்தைந்து வருடத்துக் குடித்தனம் இரண்டு ஊர்களில் நடக்கும். சக்கரவர்த்தி காலையிலிருந்து சாப்பிடவில்லை.

ஒரு மணிக்குத் தனம் ஏறினார். கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்து, எதிரே தட்டில் அப்பளத்தை வைத்துக்கொண்டார். சக்கரவர்த்தி கதவைச் சாத்திவிட்டு வெளியே காவல் நின்றார். கதவு ஒரு முறை திறந்தால் பதினைந்து நிமிடக் குளிர்ச்சி போய்விடும்.

பௌர்ணமிக் கூட்டத்துக்குப் பயந்து முந்தின நாளே வந்தவர்கள் ஐம்பது அறுபது பேர் பந்தல் நிழலில் ஒதுங்கியிருந்தார்கள். அவர்களில் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த மணிமொழி என்ற பெண், கதவில் தாள் ஒட்டாமல் விட்டிருந்த சின்னக் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். ஓர் அம்மா அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். பார்வை எதிரே இருக்கிற வட்டமான ஒன்றின் மேல் நிலைத்திருக்கிறது. வெளியே நிற்கிறவர்களுக்கெல்லாம் முகத்தில் தண்ணீராக ஓடும்போது, அந்த முகத்தில் ஒரு பொட்டு ஈரமில்லை. மணிமொழி திரும்பி, பின்னால் இருந்தவர்களிடம் தணிந்த குரலில் சொன்னாள்.

“அம்மாவுக்கு வேர்வையே இல்ல.”

அவ்வளவுதான், வரிசை உண்டாகிவிட்டது. கதவில் கை வைக்கப் போனவர்களைச் சக்கரவர்த்தி தடுத்தார்.

“தொறக்காதீங்க. இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கு.”

அவர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். எந்தச் சன்னிதிக்கும் ஒரு நேரம் உண்டல்லவா. எல்லாரும் உட்கார்ந்து பதினெட்டு நிமிடத்துக்குக் காத்திருந்தார்கள். ஒருவர் கற்பூரத்தை எடுத்தபோது, சூடு ஏறும், வேண்டாம் என்று சக்கரவர்த்தி பதறினார். இந்த அம்மாவுக்குக் கற்பூரம் ஆகாது என்ற செய்தி வரிசையின் கடைசி வரை போயிற்று. குடத்தில் தண்ணீர் குறைந்தபோது ஏணி பிடிக்க நான்கு பேர் வந்தார்கள். முப்பத்தொரு வருடத்தில் எந்தப் பயணியும் அவர் பேச்சை இவ்வளவு கேட்டதில்லை.

இரண்டு மணிக்குக் கதவைத் திறந்தார். அவர் ஏறுவதற்குள் மணிமொழி ஏறிவிட்டாள். குளிர்ந்த காற்று மேலே பட்டதும் உடம்பு சிலிர்த்து, இரண்டு கையையும் ஏந்தினாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அப்பளக்காரரிடம் கை நீட்டினால் அது ஒன்றைத்தான் குறிக்கும். ருசி பார்க்கக் கேட்கிறார்கள். பதினான்கு வருடமாகத் தனம் நீட்டிய கையை வெறுமனே விட்டதில்லை. அவர் யோசிக்கவே இல்லை. அப்பளத்தை உடைத்து ஒரு துண்டைப் போட்டார். அடுத்து நீண்ட கையில் இன்னொரு துண்டு. எட்டுக் கைகளில் பரிசோதனை முழுவதும் தீர்ந்துபோயிற்று.

சக்கரவர்த்தி வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மணிமொழி கண்ணை மூடி வாயில் போட்டுக்கொண்டாள்.

“எப்படிமா இருந்துச்சு?” என்று சக்கரவர்த்தி கேட்டார்.

“வார்த்தையே இல்லைங்க.”

“மொறுமொறுன்னு இருந்துச்சா இல்லியா, அத மட்டும் சொல்லுங்க.”

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். இப்படிக் கேட்கிற பூசாரியை அவள் கண்டதில்லை.

“இருந்துச்சுங்க.”

தனம் காலை நீட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். “ரெண்டு மணி ஆயி மூணு நிமிஷங்க. ஒடைக்கும்போதே தெரிஞ்சுது. எம் பொடவ நாலு எடுத்து வைங்க, கெளம்பலாம்.”

கிளம்புவது அவ்வளவு சுலபமாக இல்லை. அம்மாவை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டுக் கூட்டம் வண்டிக்கு முன்னால் நின்றது. காசி என்றால் விட மாட்டார்கள் என்று தோன்றியதால், ‘புறப்பாடு’ என்று மட்டும் சொன்னார் சக்கரவர்த்தி. அது அவர்களுக்குப் புரிந்தது. சாமி புறப்படுவது உலகத்தில் இருக்கிறதுதான். உடனே வழி விட்டார்கள்.

அவர் பந்தல் கயிறுகளை அறுத்தார். பிறகு வீட்டுச் சமையலறை சுவிட்சிலிருந்து ஏசிக்கு வந்த ஒயரைப் பிடுங்கிச் சுருட்டினார். நின்றால்தான் குளிர்கிற வண்டி அது. தினமும் மதியம் ஏதாவது லாட்ஜிலோ பெட்ரோல் பங்கிலோ நிறுத்தி மின்சாரம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்பது அவருடைய யோசனை. தனம் இதைப் பற்றிக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமலிருப்பது பொய்யாகுமா என்பது பழைய விவாதம். அவர் அதில் கலந்துகொள்ளாமல் ஒயரை இருக்கைக்கு அடியில் தள்ளினார்.

வண்டி நடை வேகத்தில் நகர்ந்தது. கூரையில் மூன்று தென்னங்கீற்றும் கூடவே வந்தன. முன்னும் பின்னும் கூட்டம், வலப்பக்கம் மலை. குபேர லிங்கம் வரைக்கும் அப்படியே போனார்கள். காஞ்சி சாலை வந்ததும் கூட்டம் பாதைப்படி வலப்பக்கம் திரும்பியது. சக்கரவர்த்தி இடப்பக்கம் திருப்பினார். பாதி வலத்தில் மலையை விட்டுப் போகிற சாமியை அவர்கள் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அங்கேயே நின்றார்கள். சில பேர் கொஞ்ச தூரம் ஓடிவந்தார்கள்.

ஆறு கிலோமீட்டர் போனதும் தனம் பின்னாலிருந்து முன் இருக்கைக்கு வந்தார். குங்குமம் கரைந்து மூக்கு வரை வந்திருந்தது.

“இன்னாங்க, ஏசி நின்னு போச்சா?”

சக்கரவர்த்தி ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். ஒயரைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். ஓடும்போது ஏசி வேலை செய்யாது என்பதைத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். கீர்த்தனா செவ்வாய்க்கிழமைதானே வருகிறாள், இப்போதே திரும்பிவிடலாமா என்று கேட்டார்.

தனம் முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். வந்த வழியைக் கண்ணாடியில் பார்த்தார்.

“எப்படிப் போறது? மொதல்ல அப்பளம் வாங்குன அந்தம்மா அந்த முக்குலயேதான் நின்னுக்கினு இருக்கும். கூட்டம் இன்னும் ஜாஸ்தி ஆயிருக்கும். நான் இப்படி வேர்த்து ஊத்திக்கினு எறங்குனா அவங்க இன்னா ஆவாங்க? ஓட்டுங்க.”

சக்கரவர்த்தி கியரைப் போட்டார். தனம் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த வெள்ளித் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, கண்ணாடியை முழுக்க இறக்கினார். கொஞ்ச நேரம் கழித்து மகளுக்குப் போன் போட்டு, செவ்வாய்க்கிழமை வர வேண்டாம் என்றார். காரணம் கேட்டதற்கு, அக்னி நட்சத்திரம் முடியும் வரை ஊரில் தலைகாட்ட முடியாது என்று மட்டும் சொன்னார்.