வகுப்பைத் தலைகீழாக்கிய கதை

ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பிழைப்பவர்களுக்குத் தெரியும், பெஞ்சில் உட்கார்ந்த மறுநிமிடமே எப்பேர்ப்பட்ட ஆசிரியரும் கடைசி வரிசை மாணவராகிவிடுவார். நீங்களும் பட்டிருப்பீர்கள். தூத்துக்குடி வட்டாரக் கல்லூரிகளில் நான் சொல்லிக்கொடுப்பது ‘ஃபிளிப்டு கிளாஸ்ரூம்’. பாடத்தை வீடியோவாக முன்கூட்டியே அனுப்பிவிட வேண்டும். மாணவர்கள் அதை வீட்டில் பார்த்துவிட்டு வருவார்கள். கணக்கும் கேள்வியும் விவாதமும் வகுப்பில்.

முதல் சந்தேகம்

நான் விளக்கி முடித்ததும் நாசரேத்திலிருந்து வரும் வணிகவியல் ஆசிரியை செல்வக்கனி கையைத் தூக்கினார். அதுவரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

“பாடம் வீட்டுக்குப் போயிரும், வீட்டுப்பாடம் வகுப்புக்கு வந்துரும். சரி. நாங்க எங்க போவணும், அதச் சொல்லுங்க.”

ஒரு முகம் வேண்டும்

ரேமண்ட் சார் கப்பலில் இன்ஜினியராக இருந்துவிட்டு, பாலிடெக்னிக்கில் டீசல் இன்ஜின் பாடம் எடுக்க வந்தவர். இன்ஜின் ரூம் இரைச்சலில் பழகிய குரல். அந்தக் குரலுக்குத்தான் ஆபத்து வந்தது. தொண்டையில் சிறு கட்டி, இனிச் சத்தம் போட்டால் பேச்சே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலையை விட வேண்டும், இல்லையென்றால் முறையை மாற்ற வேண்டும். அதனால்தான் என் பயிற்சிக்கு வந்தார்.

மில்லர்புரத்தில் அவர் வீட்டிலேயே படம் பிடிக்க உட்கார்ந்தோம். போனை எதிரே வைத்ததும் வாயடைத்துப் போனார். “ஆள் மூஞ்சியப் பாக்காம எப்படிப் பேச?” என்றார். வேர்த்துக் கொட்டியது. சமையலறையில் மீன் அறுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, போனுக்குப் பின்னால் உட்காரவைத்தேன். அவர் முகத்தைப் பார்த்து சார் மெதுவான குரலில், ஒரே மூச்சில் பாடத்தை முடித்துவிட்டார். ஸ்டெல்லா அம்மா எழுந்தார்.

“கல்யாணமாயி இத்தன வருசத்துல எங்கிட்ட ஒரு நாளாவது இவ்வளவு பொறுமையாப் பேசிருக்கியளா?”

கையில் சாக்பீஸ்

அந்த வீடியோவுக்குப் பிறகு வந்த வகுப்பில் நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இன்ஜினில் கரும்புகை ஏன் வருகிறது என்பது கேள்வி. உடனே விடை சொல்லக் கூடாது என்று சாரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருவன் போர்டில் தப்பாகப் படம் வரைந்தான். சார் சாக்பீஸை எடுத்தார், என்னைப் பார்த்தார், திரும்ப வைத்தார். இன்னொருவன் எழுந்து, “ஏலே, காத்து உள்ள வர வழியே இல்லயே” என்று படத்தை அழித்தான். வகுப்பே போர்டைச் சுற்றி நின்று சண்டை போட்டது. மணி அடிப்பதற்குள் சரியான விடைக்கு அவர்களே வந்துசேர்ந்தார்கள்.

சார் ஆசிரியர் அறைக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். தொண்டைக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு பாட்டில் தண்ணீரை மடமடவென்று குடித்து முடித்தார்.

“நடுக்கடல்ல இன்ஜின் ரூம் தீப்பிடிச்சப்பக்கூட நான் இப்படிச் சும்மா நிக்கல, தம்பி.”

கூடுதல் மாணவர்

காயல்பட்டினத்தில் இயற்பியல் எடுக்கும் பாத்திமா மிஸ், வீடியோ போடுவதையே நிறுத்திவிட நினைத்திருந்தார். பாதிப் பிள்ளைகள் பார்ப்பதேயில்லை, வீட்டில் உட்கார்ந்து பேசியதெல்லாம் வீண் என்று என்னிடம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். அப்போது மர்யம் என்ற மாணவி வந்து, அடுத்த பாடம் எப்போது வரும் என்று கேட்டாள். “நீயாவது பாக்குறியே” என்றார் மிஸ்.

பார்ப்பது அவள் மட்டும் இல்லையாம். துபாயில் வேலை செய்யும் அவள் வாப்பாவுக்கும் அனுப்புகிறாளாம். குடும்பத்துக்காகப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுப் போனவர், வேலை முடிந்து அறைக்கு வந்து பாடத்தைப் பார்த்துவிட்டு மகளுக்குப் போன் போட்டுச் சந்தேகம் கேட்கிறாராம். அவருக்குச் சொல்லிக்கொடுப்பதற்காகவே இவளும் படிக்க வேண்டியிருக்கிறதாம். வெள்ளிக்கிழமை போடுகிறேன் என்றார் மிஸ். மர்யம் வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்க மிஸ், வாப்பா நோட்ஸ் எடுக்காங்க.”

வகுப்பில் பேச்சைக் குறையுங்கள் என்று ஆசிரியர்களிடம் காலையிலிருந்து மாலைவரை விடாமல் பேசுவதுதான் என் தொழில் என்பதை, நல்லவேளையாக, இதுவரை ஒருவரும் சுட்டிக்காட்டவில்லை.