செவ்வாய்க் கல்லின் கறுப்புக் கட்டங்கள்

செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்து விழுந்த விண்கல்லின் சில்லு ஒன்று எங்கள் கல்லூரிக்குக் கிடைத்தது. புளியங்கொட்டையில் பாதிகூட இல்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கும் தோழி, "பத்திரம்டி, வேற கெடையாது" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

நுண்ணோக்கியில் பார்ப்பதென்றால் அதைக் கண்ணாடித் துண்டில் ஒட்டி, ஒளி ஊடுருவும்வரை, தலைமுடியைவிட மெல்லிசாகத் தேய்க்க வேண்டும். எங்களுக்கு அதற்கு ஆள், ஆவூரிலிருந்து பஸ்ஸில் வரும் லேப் அக்கா. குடுமியான்மலைப் பாறை, சித்தன்னவாசல் பாறை என்று எத்தனையோ தேய்த்த கை. இரண்டு நாள் தேய்த்துக் கொடுத்தார்.

மாணவர்கள் சூழ்ந்து நிற்க, குனிந்து பார்த்தேன். ஒளியை வடிகட்டும் இரண்டாவது தகட்டை உள்ளே தள்ளியதும் சில கனிமங்கள் நீலமும் மஞ்சளுமாக ஜொலித்தன. நம்மூர்ப் பாறையில் வரி வரியாகத் தெரியும் கனிமம் இருக்க வேண்டிய கட்டங்கள் மட்டும் கன்னங்கரேல் என்றிருந்தன. கல் தேய்ந்துபோய் வெறும் கண்ணாடி மிஞ்சினாலும் அப்படித்தான் கறுக்கும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"என்னக்கா, மொத்தத்தையும் மாவாக்கிட்டீங்களே! இதுக்கு நான் எங்கிட்டுப் போவேன்?"

"இல்லைங்க மேடம், அளவாத்தான்..."

"பேசாதீங்க!"

அன்றைக்கே அவர், தன்னை ஆபீஸ் வேலைக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் தோழிக்குப் போன் போட்டு அழாத குறையாகச் சொன்னேன். அவள் சிரித்தாள். "அடி லூசு! செவ்வாயில வேற கல்லு வந்து மோதின அதிர்ச்சியில அந்தக் கனிமமே கண்ணாடியாயிருச்சு. கறுப்பாத்தான் தெரியும். அந்தத் தகட்ட எடுத்துட்டுப் பாரு."

எடுத்துவிட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டமும் விளிம்பும் விரிசலுமாக முழுசாக இருந்தது. இதை நேற்றே பார்த்திருக்கலாம். அவசரக்குடுக்கை நான். அவமானமாக இருந்தது.

ஆபீஸ் வாசலில் அக்காவைப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். "தப்பு என்னோடதுக்கா. மன்னிச்சிருங்க. லேபுக்கு வாங்க."

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். யாருமில்லை.

"வையும்போது பிள்ளைக எல்லாம் நின்னுச்சுகளே மேடம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அடுத்த வகுப்பில் அவரை லேபுக்குள் அழைத்து நிறுத்தி, எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் சொன்னேன்: "அக்கா தேய்ச்சது சரி. பாக்கத் தெரியாம வஞ்சது நான்."

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போதும் மேடம், பாடத்த நடத்துங்க. நான் ஆபீஸுக்குப் போறேன்."