பலகையில் இரண்டாவது வரி

எனக்கு எழுத வராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பதெல்லாம் இன்றுவரை பிடிபடவில்லை. வயதும் ஆகிவிட்டது, முன்னால் நடந்ததைப் பின்னாலும் பின்னால் நடந்ததை முன்னாலும் வைத்துவிடுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்கள் மெஸ் வாசலில் தொங்குகிற தகரப் பலகை விஷயத்தில் மட்டும் எனக்கு மறதி கிடையாது. மஞ்சள் பெயின்ட், சிவப்பு எழுத்து, கடல் காற்றில் ஓரமெல்லாம் துரு. மேல் வரியில் எங்கள் தொலைபேசி எண் இருக்கும். கீழ் வரியிலும் அதே எண்தான், ஆனால் கடைசியிலிருந்து முதலுக்குத் தலைகீழாக, ஒவ்வொரு இலக்கத்துக்கும் நடுவில் ஒரு புள்ளியோடு. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். பெயின்டர் போதையில் எழுதினானா என்று கேட்டவர்களும் உண்டு. அவன் நிதானமாகத்தான் இருந்தான். பக்கத்திலேயே நின்று அப்படி எழுத வைத்தவள் என் மூத்த ஓரகத்தி.

கணவரின் அண்ணன் மனைவி என்றாலும் நான் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அண்ணன் தம்பி இருவரும் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபோது, வீட்டில் இரண்டு ஆண்களும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்க, அக்கா பெரிய அண்டாவை இறக்கினாள். விம்கோ நகரில் எங்கள் வீட்டு முன்னறையே மெஸ் ஆனது. சாத்தாங்காட்டுக்கு இரும்பு ஏற்ற வருகிற லாரிகள், துறைமுகத்துக்குப் போக வரிசையில் நிற்கும் டிரெய்லர்கள், சுற்றியிருந்த கன்டெய்னர் யார்டுகள் எல்லாவற்றுக்கும் மதியச் சாப்பாடு எங்களிடமிருந்துதான் போகும். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு மோர் மிளகாய் வைப்போம். அது அக்காவின் சட்டம். சமையல் என் கை, பேச்சு அவள் வாய். போன் அடித்தால் அவள்தான் எடுப்பாள். "மெஸ்ஸுங்க, இன்னா வோணும் சொல்லு நைனா" என்று அவள் ஆரம்பிப்பது தெருமுனை வரைக்கும் கேட்கும்.

நான் போனைத் தொடுவதே இல்லை. புதிதாக இணைப்பு வந்த நாட்களில் ஒருமுறை எடுத்தேன். எதிர்முனையில் ஏதோ ஆபீஸ் ஆள். நான் இரண்டு வார்த்தை பேசியதும் அவர் சிரித்து, "சினிமால காமெடிக்குப் பேசற மாதிரியே பேசறியேம்மா, இன்னொரு தடவை சொல்லு" என்றார். பக்கத்தில் இருந்தவர்களையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தார். நான் பேசியது என் அம்மா பேசிய பேச்சு. அதில் சிரிக்க என்ன இருந்ததென்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அதன் பிறகு அந்தக் கறுப்புப் போன் அடித்தாலே நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அக்கா வெளியே போயிருந்தால் அது அடித்து அடித்து ஓயட்டும் என்று விட்டுவிடுவேன். அக்கா திரும்பி வந்து திட்டுவாள். "உன் வாயி இன்னா வாடகைக்கு வாங்குனதாமே? பேசுனா தேஞ்சிடுமா?"

ஒரு மழைக்காலத்தில் தெருவைத் தோண்டினதில் எங்கள் லைன் அறுந்து, கொஞ்ச நாள் போன் ஊமையாகக் கிடந்தது. அக்கா அலைந்து திரிந்து அதைச் சரிசெய்ய வைத்தாள். அதன் பிறகும், எங்களிடம் அதிகமாகச் சாப்பாடு வாங்குகிற பெரிய யார்டிலிருந்து ஆர்டரே வரவில்லை. வெளியிலிருந்து போன்கள் வருகின்றன, அந்த யார்டிலிருந்து மட்டும் இல்லை. சமைத்த சோறு மிஞ்சியது. பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். இப்படியே போனால் அண்டாவைக் கழுவிக் கவிழ்க்க வேண்டியதுதான் என்று எனக்குத் தெரிந்தது. அப்போதுதான் வியாசர்பாடி டிரெய்லர் டிரைவர் ஒருவர் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கும்போதே சண்டைக்கு வந்தார்.

"இன்னாக்கா, நேத்து மீன் கொழம்புன்னு சொல்லி வெறும் தண்ணிய அனுப்பிக்கீற? மீனு அதுல குளிச்சிட்டுப் போயிட்சா?"

"நேத்து உனுக்கு நான் எங்க அனுப்சேன்? கனவு கண்டியா?"

"யார்டு கேட்டுல கீற போன்லேர்ந்து உன் நம்பரத்தான் போட்டேன். ஒரு ஆம்பள எடுத்தான். மோர் மொளகா கூட வெக்கல. பெரிய ஆளா ஆயிட்டியா நீ?"

அக்காவுக்கு முகம் மாறிவிட்டது. தண்ணீர்க் குழம்பு தன் பெயரில் போனதுதான் அவளுக்கு முதலில் சுட்டது. டிரைவரின் செல்போனை வாங்கி அங்கேயே நின்று எங்கள் எண்ணைப் போட்டாள். உள்ளே எங்கள் போன் அடித்தது. அப்படியென்றால் யார்டுக்குள்ளிருந்து போட்டால் மட்டும் அது வேறெங்கோ போகிறது. கேஸ் அடுப்பை என்னிடம் விட்டுவிட்டு, டிரைவரின் வண்டியிலேயே ஏறிக்கொண்டாள். அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. அக்கா சொன்னதையும், அந்த டிரைவர் ஊர் முழுக்கச் சொன்னதையும் வைத்து எழுதுகிறேன்.

யார்டில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள மாதவரத்திலிருந்து வருகிற ஒரு பெண் இருந்தார். எல்லோரும் சிஸ்டம் மேடம் என்பார்கள். அவர்தான் விஷயத்தைச் சொன்னார். இன்டர்நெட்டில் எந்தப் பெயர் எந்த மெஷினில் இருக்கிறது என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு பெரிய ஏற்பாடு இருக்கிறதாம். அதே முறையில் தொலைபேசி எண்ணையும் ஒரு பெயராகப் பதிந்து வைக்கலாம். யாராவது எண்ணைப் போட்டால், மெஷின் முதலில் அந்த ஏற்பாட்டிடம் 'இந்த எண் இப்போது எங்கே இருக்கிறது' என்று கேட்கும். இன்டர்நெட் போனுக்குப் போ, செல்லுக்கு மெசேஜ் அனுப்பு என்று அதில் எழுதியிருப்பது எதுவோ, அங்கே போகும். ஊருக்கெல்லாம் பொதுவாக இது நடைமுறையில் இல்லை என்றும், அந்த யார்டுகள் தங்களுக்குள் சேர்ந்து வைத்துக்கொண்டது என்றும் மேடம் சொன்னாராம். அதில் எங்கள் எண்ணும் இருந்தது. உள்ளே புதிதாக ஒரு கேன்டீன் கான்ட்ராக்டரைக் கொண்டுவந்ததும், சாப்பாட்டு நம்பரை அவன் பக்கம் திருப்பிவிடச் சொல்லி மேனேஜர் உத்தரவு போட்டிருக்கிறார்.

"எங்க யார்டு போன் எங்க போகணும்னு நாங்கதாம்மா முடிவு பண்ணணும்" என்றாராம் மேனேஜர்.

"உன் போனு, உன் இஷ்டம் சார். நம்பரு என்னுது. உன் கேன்டீனுக்கு வேற நம்பர் வச்சிக்கோ, யாரு வோணாம்ன்றா? என் நம்பரப் போட்டா அவன் எடுத்து, என் பேருல அவன் சோறு போடுவானா?"

"உங்க லைன்தான் செத்துப்போச்சே. மெஸ்ஸையே மூடிட்டதா சொன்னாங்க."

இதைக் கேட்டதும் சிஸ்டம் மேடம் திரும்பி மேனேஜரைப் பார்த்தாராம். எண்ணுக்குச் சொந்தக்காரர் சம்மதிக்காமல் பதிவை மாற்றக் கூடாது என்பது அவர்களுக்குள் விதி. மெஸ் மூடிவிட்டது என்று சொல்லித்தான் அவரிடம் மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். "லைனு உயிரோட கீதா இல்லியான்னு அட்ச்சிப் பாருமா" என்றாள் அக்கா. யார்டு போனில் போட்டால் கான்ட்ராக்டரிடம் போகும் என்பதால், மேடம் தன் சொந்தச் செல்போனை எடுத்தார். அக்காவுக்கு அப்போதுதான் உறைத்திருக்கிறது. மெஸ்ஸில் நான் மட்டும்தான் இருக்கிறேன். நான் எடுக்க மாட்டேன். எடுக்காவிட்டால், மெஸ் மூடிவிட்டது என்று மேனேஜர் சொன்னது நிஜமாகிவிடும்.

இங்கே நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. வழக்கம்போல ஓயட்டும் என்று முதுகைக் காட்டி நின்றேன். ஓய்ந்தது. உடனே மறுபடி அடித்தது. கஞ்சி ஆவிக்குள் நின்றுகொண்டு எனக்கு ஒன்று தோன்றியது: வண்டியில் ஏறும்போது அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள், ஆனால் 'போன எடு' என்று சொல்லவில்லை. எப்போதும் சொல்கிறவள் அன்றைக்குச் சொல்லவில்லை. ஏனோ அது எனக்குப் பொறுக்கவில்லை. கையைப் புடவையில் துடைத்துவிட்டு எடுத்தேன். ஒரு பெண் குரல், "மெஸ்ஸா? மூடிட்டீங்களாம்மா?" என்றது. எனக்கு அழுகை வர வேண்டிய நேரம். கோபம்தான் வந்தது.

"யாரு சொன்னது? மூடல கொள்ளல. சோறு வெந்துகினு கீது. எத்தினி பேருக்கு வோணும், அத்த சொல்லு."

மேடம் செல்போனை ஸ்பீக்கரில் வைத்திருந்திருக்கிறார். என் குரல் அந்த ஏசி ரூமில் அவ்வளவு சத்தமாகக் கேட்டதாம். வாசலில் நின்ற டிரைவர்கள் விசிலடித்தார்களாம். அவர்களும் சிரித்தார்கள்தான், ஆனால் அது வேறு சிரிப்பு. சாகிற வரைக்கும் அக்கா எனக்கு 'மூடல கொள்ளல' என்றே பெயர் வைத்துக் கூப்பிட்டாள்.

மேனேஜர் அப்போதும் விடவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். அக்கா அந்தப் பளபளத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மேடம் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிப் பதிவை மாற்றினார். "மாத்திட்டேம்மா. ஆனா உடனே தெரியாது. கேட்டு வச்ச பழைய பதிலை மெஷினுங்க கொஞ்ச நேரம் ஞாபகம் வச்சிருக்கும். அது போனப்புறம்தான் புதுசா கேக்கும்" என்றார். அதற்கு அக்கா சொன்னதுதான் எனக்கு அவளை நினைத்தால் முதலில் காதில் விழுகிறது: "மறக்கட்டும். அது மறக்கிற வரைக்கும் நான் இங்கியே குந்திகினு கீறேன்." உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் அவளைச் சுற்றிக்கொண்டு போனார், வந்தார். மெஷின் மறந்தது. கேட் போனிலிருந்து எங்கள் எண்ணைப் போடச் சொன்னாள். இரண்டாவது தடவையும் நான்தான் எடுத்தேன். "நான்தாமே" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

அவள் கிளம்புவதற்கு முன்னால், எங்கள் எண்ணின் பதிவைக் காட்டச் சொல்லியிருக்கிறாள். பார்த்தால் எண் தலைகீழாக இருக்கிறது. எண்களையும் திருடி மாற்றிவிட்டார்கள் என்று மறுபடி சத்தம் போட ஆரம்பித்துவிட்டாள். மேடம் சிரித்துக்கொண்டே விளக்கினாராம். நாம் தபாலில் முகவரி எழுதும்போது கதவு எண், தெரு, கடைசியில்தான் ஊர் வரும். தபாலைப் பிரிக்கிறவர் கடைசி வரியிலிருந்து பார்த்துக்கொண்டு வருவார். இன்டர்நெட் பெயர்களும் அப்படித்தான், பெரியது கடைசியில். தொலைபேசி எண்ணில் பெரியது முதலில் வருகிறது: நாடு, ஊர், அப்புறம் வீடு. அதனால் எண்ணைத் திருப்பிப் போட்டு, ஒவ்வொரு இலக்கமும் ஒரு கிளை என்பதால் நடுவில் புள்ளி வைக்கிறார்கள். நம் நாட்டுக்கான தொண்ணூற்றொன்று அங்கே கடைசியில் ஒன்று, ஒன்பது என்று நிற்கும். மேடத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுக்கச் சொல்லி அக்கா முந்தானையில் முடிந்துகொண்டாள். எந்த வழியில் முதலில் போக வேண்டும் என்பதையும் அவளே சொல்லிவிட்டு வந்தாள்: முதலில் மெஸ் போன், யாரும் எடுக்காவிட்டால் அவள் செல்போன், அதுவும் இல்லையென்றால் மெசேஜ்.

மறுநாளே பெயின்டர் வந்தான். இதை எதற்குப் பலகையில் எழுதுகிறாய் என்று என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "அந்த மெஷின் பாஷையிலயும் இது நம்பள்துதான்னு நாலு பேருக்குத் தெரிய வோணாமா?" என்றாள். ஆட்கள் இரண்டு வரியையும் இரண்டு எண்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். கீழ் வரியைப் போட்டுவிட்டு, இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பொம்பளை சொல்கிறாளே என்று வந்து நிற்பார்கள். "அது உனுக்கு இல்ல நைனா, மெஷினுக்கு. நீ மேல கீறத போடு" என்று அக்கா சலிக்காமல் சொல்லுவாள். பலகையை மட்டும் மாற்றவில்லை.

அக்கா போய்விட்டாள். நோய்தான்; அதை எழுத எனக்கு மனமில்லை. காரியம் முடிந்ததும் அவள் பிள்ளைகள் வந்து, செல்போன் காலத்தில் இந்த லைன் எதற்கு, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாம், பலகையையும் கழற்றிவிட்டு நல்லதாக ஃபிளெக்ஸ் போடலாம் என்றார்கள். நல்ல பிள்ளைகள், என் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். என் வாழ்நாளில் நான் யாரிடமும் முடியாது என்று சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். எண் இப்போது என் பெயரில் இருக்கிறது. யார்டுப் பதிவிலும் மேடம் வந்து, என் சம்மதத்தை என் வாயாலேயே கேட்டுக்கொண்டு, அக்காவின் செல்போன் இருந்த இடத்தில் என்னுடையதைப் போட்டார். மோர் மிளகாயும் நிற்கவில்லை.

பலகையை இன்றைக்குக் காலையிலும் ஈரத் துணியால் துடைத்தேன். அந்தத் தாள் எங்கோ போய்விட்டது. மேடமும் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். கீழ் வரியின் கடைசியில் இங்கிலீஷ் எழுத்தில் இன்னும் ஒரு வால் வர வேண்டும், பலகையில் இடம் போதவில்லை என்று பெயின்டர் விட்டுவிட்டதாக ஞாபகம். நடுவில் ஓரிடத்தில் புள்ளி இருந்ததா, துருதான் அதைத் தின்றுவிட்டதா என்றும் சந்தேகம். மேடம் சொன்னதை நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா என்பதும் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் யாராவது விம்கோ நகர்ப் பக்கம் வந்தால் பலகையைப் பார்த்து, பிசகு இருந்தால் சொல்லுங்கள். திருத்தி எழுத வைக்கிறேன். நேரில் வர முடியாவிட்டால், அந்த வழியாகப் போகிற லாரிக்காரர் யாரிடமாவது எண்ணைக் கேட்டுப் போன் செய்யுங்கள். மேல் வரியில் இருப்பதைத்தான் போட வேண்டும். நான்தான் எடுப்பேன்.