ஒரு டிகிரி

டேன் டீச்சர் தெருவில் நேரே பார்த்து நடப்பதில்லை. விளக்குக் கம்பம், தண்ணீர்த் தொட்டி, மூன்றாம் மாடியில் காயும் போர்வை என்று எதையாவது அண்ணாந்து பார்ப்பார். ஒற்றைக் கண்ணை இடுக்குவார். "பதினோரு மீட்டர் இருக்கும்" என்று காற்றிடம் சொல்லிவிட்டு மேலே நடப்பார். கைப்பையில் ஒரு பாகைமானி. அதன் நடுவில் கட்டிய நூல், நூல் நுனியில் ஒரு சைக்கிள் நட்டு.

"என்னை மொத மொதப் பாத்தப்ப ஒத்தக் கண்ண மூடுனா. கண்ணடிக்கிறான்னு நெனச்சு விழுந்துட்டேன். கடைசில உயரம் பாத்திருக்கா!" என்று அவர் கணவர் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறார். சைன், டேன் என்று முக்கோணவியலே மூச்சு; பட்டப்பெயர் அதில் வந்தது. பள்ளிக்கு அடுத்து, மூடிக்கிடக்கும் ஆலையின் புகைபோக்கி. அதன் அடியிலிருந்து நாற்பது மீட்டர் தள்ளி, மைதானத்தில் ஒரு வெள்ளை வட்டம் போட்டிருக்கிறார். அங்கே நின்று உச்சியைப் பார்த்தால் நூல் நாற்பத்தைந்து டிகிரியில் நிற்கும். டேன் நாற்பத்தைந்து ஒன்று. ஆக நாற்பது மீட்டர். கண் உயரம் ஒன்றரையைக் கூட்டினால் நாற்பத்தொன்றரை. பத்து வருஷமாக இதே விடைதான். கூட்ட மறந்தவனுக்கு, "உன் கண்ணு என்ன தரையிலயா ஒட்டியிருக்கு?"

இந்த வருஷம் நாற்பது நோட்டிலும் ஏறத்தாழ நாற்பத்து மூன்று. டீச்சர் நாற்பதையும் சிவப்பில் அடித்தார்.

"கண் உயரத்த ரெண்டு தடவ கூட்டியிருக்கீங்க. ஒருத்தன் தப்பு பண்ண, மிச்சப் பேர் பாத்து எழுதியிருக்கீங்க."

"இல்ல டீச்சர், நூலு நாப்பத்தாறுல நிக்குது" என்றாள் முதல் பெஞ்சுப் பெண்.

"வேல வெட்டி இல்லாம நின்னு நின்னு வளந்திருக்கும் டீச்சர்!" என்றது கடைசி பெஞ்சு. வகுப்பு கொல்லென்று சிரித்தது.

பள்ளி விட்டதும் டீச்சர் தனியாக வட்டத்தில் போய் நின்றார். இலை அசையவில்லை. நட்டு ஆடாமல் தொங்கியது. நாற்பத்தாறு. கையை மாற்றினார், கண்ணை மாற்றினார். நாற்பத்தாறு. இடிந்த மதிலைச் சுற்றிக்கொண்டு ஆலையின் மறுபக்கம் போனார். அங்கேயும் டேப் பிடித்து நாற்பது மீட்டர் அளந்து நின்று பார்த்தார்.

நாற்பத்து நான்கு.

ஒரு பக்கம் வளர்ந்து மறுபக்கம் குறைகிற கட்டடம் எந்த ஊரிலும் கிடையாது. அது வளரவில்லை. குனிகிறது. குனியும் திசையில், இருபத்தைந்தாவது மீட்டரில், பத்தாம் வகுப்பின் சுவர்.

மறுநாள் காலை வகுப்பு ஜன்னல் கட்டையில் செங்கல் பொடி மெல்லியதாகப் படிந்திருந்தது. விரலால் துடைத்தார். அதற்கடுத்த நாளும் இருந்தது. புகைபோக்கி உச்சியில் வரிசையாக உட்காரும் காக்கைகள் எப்போது போயின என்று கேட்டார், யாருக்கும் நினைவில்லை.

"ஒரு டிகிரிக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார் தலைமையாசிரியர். "சைக்கிள் நட்ட நம்பி வகுப்பக் காலி பண்ணச் சொல்றீங்களே!"

"கீழதான் சார் ஒரு டிகிரி. உச்சி ஒரு மீட்டருக்கு மேல நம்ம பக்கம் வந்துடுச்சு."

"ஆலைக்காரங்களுக்கு எழுதியிருக்கேன். பதில் வரட்டும்."

"பதிலுக்கு முந்தி அது வந்துட்டா?"

திங்கட்கிழமை நூல் நாற்பத்தேழில் நின்றது. டீச்சர் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகளை விட்டே பெஞ்சுகளைத் தூக்க வைத்து, மைதானத்தின் மறுகோடியில் இருக்கும் சைக்கிள் கொட்டகைக்குக் கொண்டுபோனார். வகுப்பறையைப் பூட்டினார்.

இப்போது பத்தாம் வகுப்பு அந்தக் கொட்டகையில்தான் நடக்கிறது. விளக்கம் கேட்டு இரண்டு கடிதம் வந்துவிட்டது. நேற்று தலைமையாசிரியரே மைதானம் கடந்து வந்து கை நீட்டினார்.

"நாளைக்கு மேலதிகாரி வர்றாரு. பசங்க அறையில இருக்கணும். வேலை போயிடும் டீச்சர், சொல்லிட்டேன். சாவியக் குடுங்க."

டீச்சர் சாவி இருந்த கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இறுக மூடிக்கொண்டார்.