பள்ளுருத்தியில் நல்லசிவம் பார்த்த வீடு

நல்லசிவம் மட்டாஞ்சேரியில் இருந்தது ஒன்பது வருஷம். அதில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்தது ஏழே மாசம். அந்த ஏழு மாசம் எட்டாகாமல் போனதில் எனக்கும் பங்கு உண்டு. பங்கு என்ன பங்கு, முக்கால்வாசி என் தலையில்தான் விடியும். இதையெல்லாம் எழுத எனக்கொன்றும் ஆசையில்லை. அவனைப் பற்றி எழுத என்னை விட்டால் வேறு நாதியில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் மட்டாஞ்சேரியிலேயே பிறந்தவன். எங்கள் குடும்பம் பாலக்காட்டிலிருந்து இங்கே வந்து மூன்று தலைமுறை ஆகிறது. பெயர் வெங்கிடராமன், பஜாரில் எல்லோருக்கும் வெறும் 'சாமி'. விருதுநகர் முதலாளி ஒருவரின் மிளகுக் கிட்டங்கியில், அதாவது கோடவுனில், தபால் எழுதும் குமாஸ்தாவாக இருந்தேன். எழுபத்தெட்டில் முதலாளி தன் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவனை மிளகு பார்ப்பதற்கென்று அனுப்பிவைத்தார். அவன்தான் நல்லசிவம். சாத்தூருக்குக் கிழக்கே ஏதோ ஒரு கரிசல்காட்டுக் கிராமம். ஒல்லியான கறுத்த ஆள், அதிகம் பேசமாட்டான். சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் உரசி, நாலு மணியை வாயில் போட்டுக் கடித்தானென்றால் அது எத்தனை நாள் வெயில் கண்ட மிளகு என்று சொல்லிவிடுவான். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

கிட்டங்கியின் மாடியில், சாக்குகளுக்கு நடுவே, ஒரு கட்டிலில் நாலு வருஷம் படுத்துக் கிடந்தான். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போய்வருவான். எண்பத்திரண்டு பொங்கலுக்குப் போய்வந்தவன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. என்ன ஓய் என்று நான்தான் வாயைக் கிளறினேன்.

"பேச்சி என்னையப் பாத்துப் பயந்து அழுவுது சாமி. தூக்கினா வீல்னு கத்துது. மூணு நாள் ஆச்சு பழகறதுக்கு. பழகின மறுநாள் பஸ் ஏறி வந்துட்டேன்" என்றான்.

பேச்சி அவனுடைய இரண்டாவது குழந்தை, அப்போது இரண்டரை வயது. மூத்தவன் சங்கிலிப்பாண்டி, ஆறு வயது. இவர்களை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்வது என்று அன்றைக்கே தீர்மானம் பண்ணிவிட்டான். அவன் மனைவி சீனியம்மாளும் சரி என்றாள், ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். கடிதத்தை அவன் எனக்குப் படித்துக் காட்டினான். ஒரு வீடுதான் பார்க்க வேண்டும், நன்றாகப் பார்த்து எடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, பாஷை தெரியாத ஊரில், வீடு வீடாக மாறிக்கொண்டிருக்க அவளால் ஆகாது. ஒத்துவரவில்லையென்றால் வந்த வழியே திரும்பிவிடுவாள், பிறகு ஜென்மத்துக்கும் கூப்பிடக் கூடாது. கடைசி வரி: தண்ணி உள்ள வீடாப் பாருங்க.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. அவள் ஊரில் ஒரு குடம் தண்ணீருக்கு இரண்டு மைல் நடக்க வேண்டும்.

வீடு பார்க்கும் படலம் ஆடி மாசம் தொடங்கியது. இங்கே அதைக் கர்க்கடகம் என்பார்கள், வானம் பொத்துக்கொண்டு ஊற்றும். அவனுக்கு மலையாளம் பேச்சு வழக்கில் தட்டுத்தடுமாறி வரும், வீட்டுக்காரர்களிடம் பேசும் அளவுக்கு வராது. ஆகவே நானும் கூடப் போகவேண்டியதாயிற்று. வாரம் ஆறு நாள் கிட்டங்கியில் முதுகு ஒடிந்த மனுஷனுக்கு மிஞ்சுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதையும் குடையைப் பிடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றித் தொலைத்தேன். என் மனைவி விசாலாக்ஷி சும்மா இருப்பாளா?

"ஏன்னா, அவனுக்கு வீடு பாக்கறது கெடக்கட்டும். நம்மாத்துக் கூரை ஒழுகறதே, அதை எந்த ஞாயித்துக்கிழமை பாக்கப் போறேள்?"

நான் குடையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

முதலில் எர்ணாகுளம். போட்டில் போய் இறங்கி, கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு மாடி வீடு. பிள்ளைகள் ஓடி விளையாட ஓரடி மண் கிடையாது. வேண்டாம் என்றான். பிறகு மட்டாஞ்சேரியிலேயே, கிட்டங்கிக்கு நாலு வீடு தள்ளி. பதினொரு குடித்தனத்துக்கு ஒரே கிணறு, அதைச் சுற்றிச் சண்டை. அதுவும் வேண்டாம். நாலாவது ஞாயிறு தேவராவுக்குப் போனோம். பஸ்ஸில் இரண்டு பாலம் தாண்ட வேண்டும், அது ஒன்றுதான் குறை. மற்றபடி அருமையான வீடு. முன்னால் மாமரம், பக்கத்திலேயே பள்ளிக்கூடம், வீட்டுக்குள் குழாய். திருகினேன், தண்ணீர் கொட்டியது.

"கொள்ளாம் ஓய், நன்னாருக்கு, கண்ணை மூடிண்டு எடுத்துக்கோ" என்றேன்.

அவன் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றான். "குழாயை நம்பி எவனாச்சும் குடும்பத்தைக் கொண்டாருவானா சாமி? எங்க ஊர்லயும் போட்டிருக்கான் குழாய். தொறந்தா காத்துதான் வரும். தண்ணின்னா கண்ணுல தெரியணும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்திருப்பேன். மழைதான் தடுத்தது.

ஆறாவது ஞாயிறு பள்ளுருத்தி. மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஒரு சந்து, கடைசியில் ஓட்டு வீடு. வீட்டுக்காரி கமலாக்ஷியம்மா பக்கத்து வீட்டிலேயே இருந்தாள். நல்லசிவம் வீட்டுக்குள் நுழையவேயில்லை. நேரே பின்பக்கம் போனான். அங்கே கிணறு. மழைக்கு நிறைந்து, விளிம்புக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றது. வாளி, கயிறு எதுவும் வேண்டாம். குனிந்து கையாலேயே அள்ளிக் குடித்தான். முகத்தைக் கழுவினான். மறுபடியும் அள்ளிக் குடித்தான். அவன் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன், மழையில் அது தெரியாது என்று அவன் நினைத்திருப்பான்.

"வெள்ளம் எப்படி?" என்று தண்ணீரைப் பற்றி நான் மலையாளத்தில் கேட்டுவைத்தேன்.

"குடிச்சு நோக்கியல்லோ, பின்னெ எந்தா சோதிக்கான்?" என்றாள் கமலாக்ஷியம்மா. குடித்துப் பார்த்தாகிவிட்டது, அப்புறம் கேட்பதற்கு என்ன இருக்கிறது? அவள் பொய் சொல்லவில்லை. மழைக்காலத்தில் அது சத்தியமான நல்ல தண்ணீர்தான்.

ஆனால் மகர மாசம் கழிந்தால், அதாவது தை முடிந்தால், கடலைத் தொட்டுக் கிடக்கும் காயல் தண்ணீர் உப்பேறும். கூடவே அந்தப் பக்கத்துக் கிணறுகளும் உப்பாகும். அடுத்த மழை வரும்வரை வாயில் வைக்க முடியாது. இங்கே பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். கரிசல்காட்டுக்காரனுக்கு எப்படித் தெரியும்? அவன் ஊரில் கிணறு வற்றும், அவ்வளவுதான். நல்ல தண்ணீர்க் கிணறு அங்கே ஆறு மாசத்தில் உப்புக் கிணறாக மாறாது.

சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் இந்த வீடும் போயிற்று, ஏழாவது ஞாயிறும் குடையைத் தூக்க வேண்டும், எட்டாவதும் தூக்க வேண்டும். செருப்பு தெப்பமாக நனைந்து, கால் விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்திருந்தது. அலுத்துப்போயிருந்தேன், வேறொன்றுமில்லை.

"எடுத்துக்கோ ஓய். இதுக்கு மேல உனக்கு வீடு அமையாது" என்றேன்.

ஆவணிக் கடைசியில் சீனியம்மாள் பிள்ளைகளோடு வந்து இறங்கினாள். வந்த முதல் வாரம் அவள் செய்த வேலை தண்ணீர் இறைப்பதுதான் என்று நல்லசிவம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். பிள்ளைகளுக்கு இரண்டு வேளை குளியல். வாசல், கொல்லை, சுவர் எல்லாம் கழுவினாள். ஊரில் பாத்திரம் கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றியவள், இங்கே செடிக்கென்றே தனியாக இறைத்து ஊற்றினாள். சங்கிலிப்பாண்டி பள்ளிக்கூடத்தில் சேர்ந்து மலையாள எழுத்தை உருட்டி உருட்டி எழுதினான். சாயங்காலம் ஐந்தரை ஆனால் நல்லசிவத்துக்குக் கிட்டங்கியில் இருப்புக் கொள்ளாது. பேச்சி தோளைவிட்டு இறங்கமாட்டேன் என்கிறாளாம், அவன் மடியில் உட்கார்ந்தால்தான் சோறு இறங்குகிறதாம். நாலு வருஷம் பேசாமலிருந்த மனுஷன் பேசித் தீர்த்தான்.

கார்த்திகைக்குக் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சீனியம்மாள் என்னைப் பார்த்து, "நீங்க மழையில அலைஞ்சு எடுத்துக் குடுத்த வீடு சாமி. உங்க பிள்ளைகுட்டி நல்லாருக்கணும்" என்று கும்பிட்டாள். இன்னொரு டம்ளர் காப்பி கொண்டுவரச் சொல்லி நான் உள்ளே குரல் கொடுத்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவர்களைத் தேவரா வீட்டுப் பக்கம் அப்போதாவது தள்ளிவிட்டிருக்கலாம். மழை தாமதமாக நின்றால் இந்த வருஷம் உப்பு அதிகம் ஏறாது என்று எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டேன்.

அந்த வருஷம் மழை தாமதமாக நிற்கவில்லை. சீக்கிரமே நின்று, அப்புறம் எட்டிப் பார்க்கவேயில்லை. தை கடைசியில் சோப்பு நுரைக்க மறுத்தது. பருப்பு வேகவில்லை. மாசியில் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்த சீனியம்மாள் துப்பிவிட்டு, நேரே கமலாக்ஷியம்மா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"எதுக்குத்தா எங் கெணத்துல உப்பைக் கொட்டின? பிள்ளை குடிக்கிற தண்ணியில உப்பைக் கொட்டுவியா நீ?"

கமலாக்ஷியம்மாவுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. தனக்குத் தெரிந்த தமிழையும் கலந்துகொண்டு சொன்னாள்: "என்டெ சேச்சி, ஆரு உப்பு போட்டு? எல்லாக் கொல்லமும் இப்படித்தன்னே. கூடெ வந்த சாமியோடு சோதிச்சு நோக்கு. மட்டாஞ்சேரில ஜனிச்ச ஆளல்லே, அறியாதிரிக்குமோ?"

வருஷா வருஷம் இப்படித்தான், கூட வந்த சாமியையே கேட்டுப் பார், இங்கே பிறந்தவனுக்குத் தெரியாமலா இருக்கும் என்று அர்த்தம். இது எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. சீனியம்மாள் அப்போது யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. விடியுமுன் எழுந்து தெருக்குழாய்க்குப் போனாள். முப்பது குடத்துக்குப் பின்னால் தன் குடத்தை வைத்தாள். இடத்துக்கு அடிதடி, மலையாளத்தில் வசவு, திருப்பிக் கொடுக்க வார்த்தை கிடையாது. பேச்சிக்கு உடம்பெல்லாம் சிரங்கு வந்தது. பங்குனியில் வயிற்றுப்போக்கு வந்து ஐந்து நாள் குழந்தை துவண்ட கீரைத்தண்டாகக் கிடந்தது. பிழைத்தது, அதுவே பெரிது.

ஆறாம் நாள் நல்லசிவம் என் மேஜைக்கு முன் வந்து நின்றான். "ஊருக்குப் போறேன்கிறா சாமி. அங்கயும் குடம், இங்கயும் குடம், அங்கன்னா சண்டை போடவாச்சும் பாஷை இருக்குங்கிறா. அந்தத் தேவரா வீடு..."

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பஸ் ஏறினேன். அந்த வீட்டில் ஆள் வந்துவிட்டது. ஆனால் அடுத்த தெருவில் இன்னொன்று காலியாக இருந்தது, குழாயோடு. பேசி முடித்துவிட்டு மூச்சிரைக்கப் பள்ளுருத்திக்கு ஓடினேன். அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நல்லசிவம் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தான். வீடு கிடைத்துவிட்டது, நாளைக்கே போகலாம் என்றேன்.

அவள் முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "ஒண்ணு கேக்கேன் சாமி, மறைக்காம சொல்லுங்க. இந்தக் கெணறு உப்பாகும்னு அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பெறகு ஏன் சொல்லலை?"

மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். "ஆறு வாரம் அலைஞ்சு அலுத்துப்போச்சும்மா" என்றேன்.

அவள் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கத்தவில்லை. தூங்குகிற பேச்சியைத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"எனக்கும் அலுத்துப்போச்சு சாமி. இன்னொரு வீடு, இன்னொரு தெரு, அங்க என்ன ஒளிஞ்சிருக்குன்னு யாரைக் கேப்பேன்? உங்களையா?"

ஆட்டோ வந்தது. அவள் ஏறினாள், பிள்ளைகள் ஏறினார்கள், அவர்களைப் பஸ் ஏற்றிவிட நல்லசிவமும் ஏறினான். ஒருவரும் தேவரா பேச்சை எடுக்கவில்லை.

நல்லசிவம் மறுபடியும் கிட்டங்கி மாடிக்கே போனான். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். சும்மாதான் வந்தேன் என்றான். காப்பி குடித்தான், பேப்பரைப் புரட்டினான், விசாலாக்ஷி போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குப் போனான். அதற்கடுத்த ஞாயிறும் வந்தான். அப்படியே நாலு வருஷம். ஊரிலிருந்து கடிதம் வந்த வாரம் அதைப் படித்துக் காட்டுவான். வராத வாரம் மழை, மிளகு என்று எதையாவது பேசுவான். ஒவ்வொரு ஞாயிறும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன், சொல்லமாட்டேன்.

எண்பத்தேழில் முதலாளி கிட்டங்கியை மூடினார். கடைசி ஞாயிறு அன்று, அவன் செருப்பை மாட்டும்போது, எப்படியோ சொல்லிவிட்டேன். கிணறு விஷயம், எனக்குத் தெரிந்திருந்தது, நான் வாயைத் திறக்காதது, எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும் சாமி. ஆட்டோவுலயே சொல்லிட்டா" என்றான்.

"அடப்பாவி, நாலு வருஷமா ஏன் ஓய் ஒரு வார்த்தை கேக்கலை?"

வார் சரியாக மாட்டவில்லை. அவன் குனிந்து அதைச் சரிசெய்துகொண்டே சொன்னான்:

"உங்களையும் கோவிச்சுக்கிட்டா ஞாயித்துக்கிழமை நான் எங்க போவேன் சாமி?"