அசை போடாத மாடு

அம்மா பெயர் செல்லக்கனி. வன்னியம்பட்டியில் ஒரே ஒரு மாட்டை வைத்துக்கொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைக்குப் பால் ஊற்றி என்னை நுண்ணுயிரியல் படிக்க வைத்தாள். போன மாதம் இறந்துபோனாள். படித்ததை அவளுக்கு ஒரு தடவைதான் விளக்க முடிந்தது. அதுவும் மாட்டுக்காக.

1991இல் அண்ணன் கல்யாணம். விருந்தில் மிஞ்சிய சோற்றை மாட்டுக்கு வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதுவும் வீட்டில் ஒரு ஆள் என்று கணக்கு. அம்மா அண்டாவோடு வைத்தாள். மாடும் விருந்துக்குக் குறை வைக்கவில்லை. மறுநாள் படுத்துவிட்டது.

மாட்டு டாக்டர் வைகுண்டராஜ் வந்து ஆப்பசோடா கரைத்துப் புகட்டினார். வயிற்றுப் புளிப்பு அடங்கி மாடு எழுந்தது. ஆனால் அசை போடவில்லை. வைக்கோலைத் தொடவில்லை.

"உள்ள இருந்த பாக்டீரியா செத்துப்போச்சும்மா. நல்லா இருக்கிற மாடு அசை போடுறதை எடுத்துக் குடுத்தாத்தான் இது பிழைக்கும்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். "வயித்துக்குள்ள யாருட்டி செத்தா?"

மாட்டு வயிற்றில் வைக்கோலை உடைக்கும் பாக்டீரியா ஒரு வகை, மாவுச்சத்து தின்பது இன்னொரு வகை என்றேன். மாவு தின்பது அமிலத்தை விடும். அதைத் தின்றே பிழைக்கும் மூன்றாவது வகையும் உண்டு. ஒன்றின் கழிவு மற்றதன் சாப்பாடு. சோறு அளவு மீறியதும் மாவு தின்பவை பெருகிவிட்டன. மூன்றாவது வகையால் அமிலத்தைத் தின்று மாளவில்லை. வைக்கோல் உடைப்பவை அதில் செத்தன. அவற்றை மட்டும் தனியே கொடுத்தால் நிலைக்காது. கூட்டமாகப் போக வேண்டும்.

"சோத்தப் போட்டது நாந்தானே" என்றாள்.

பக்கத்தில் நல்ல மாடு சண்முகத்தாய் வீட்டில்தான் இருந்தது. அம்மா பாலில் தண்ணீர் கலக்கிறாள் என்று கடையில் சொன்னவள். அன்றிலிருந்து பேச்சில்லை. அம்மா செம்பை எடுத்துக்கொண்டு போனாள். நானும் போனேன்.

"என்ன, பால் வாங்க வந்தியா?"

"ஒம்மாடு அச போடுததுல ஒரு கை வேணும்."

சண்முகத்தாய் செம்பை எட்டிப் பார்த்தாள். "மாட்டு எச்சியையா கேக்கே?"

"ஆமா. தண்ணி கலக்காம குடு."

சண்முகத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாட்டின் வாயைப் பிடித்துக்கொண்டாள். அசை மேலே வந்ததும் அம்மா கையை விட்டு அள்ளினாள். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, மூங்கில் குழாயில் எங்கள் மாட்டுக்குப் புகட்டினோம். மறுநாள் சண்முகத்தாயே கொண்டுவந்தாள்.

அதற்கடுத்த நாள் மாடு வைக்கோல் தின்றது. மத்தியானம் தாடை அசைந்தது. அம்மா தொழுவத்துத் தரையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"ஏட்டி, மாடு பொழச்சிட்டுல்லா. இப்ப எதுக்கு அழுகே?" என்றாள் சண்முகத்தாய்.

"காப்பி குடிச்சிட்டுப் போ."

"ஒம்மாடு இன்னும் கறக்கலியே, பாலுக்கு என்ன செய்வ?"

சண்முகத்தாயே தன் வீட்டுக்குப் போய்ப் பால் எடுத்து வந்தாள்.